கைத்தொலைபேசியும் ஒரு பழைய படமும்

எங்கள் ஊர்ப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் முழங்கால் வருத்தத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். இப்போது கைத்தொலைபேசியைப் பற்றிக் கதைக்கிறார்கள். "என்னகா, உனக்கு முகம் வருகுதா?" "சத்தம் வருகுது, முகம் வரல்லகா." "பேரன் என்னத்தையோ அமத்திப் போட்டுப் போயிற்றான், இப்ப எல்லாம் இங்கிலீசில வருகுது." கோயில் முன்றலிலும் இதுதான், கிளினிக் வாங்கிலும் இதுதான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், இவர்களில் பலருக்குப் போன் தங்கள் பெயரில் இருக்கிறதே தவிரத் தங்கள் கையில் இல்லை. மகனிடம் இருக்கும், மருமகளிடம் இருக்கும், பேரப்பிள்ளை விளையாடிக் கொண்டிருக்கும். அழைப்பு வந்தால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பேசி முடிந்ததும் வாங்கிக் கொண்டு போய்விடுவார்கள்.

இது எங்களுக்குப் புதிய பழக்கமல்ல. எங்கள் தலைமுறைக்குத் தொலைபேசி என்றால் கொமினிகேஷன் கடை. வெளிநாட்டிலிருந்து இன்ன நாள் இன்ன நேரம் எடுப்போம் என்று சொல்லி விடுவார்கள். ஒரு மணித்தியாலம் முன்பே போய் வாங்கில் இருப்போம். சவூதியிலிருந்து மகள், குவைத்திலிருந்து தங்கச்சி, சுவிசிலிருந்து தம்பி என்று ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு நாடு. பலகை அடித்த சின்னக் கூட்டுக்குள் நின்று பேச வேண்டும். உள்ளே அழுதால் வெளியே வாங்கில் இருப்பவர்களும் அழுவார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாத கதை இல்லை. பிறகு கைத்தொலைபேசி வந்தது. யுத்தத்தின் கடைசி வருடங்களில் சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதற்கான கடிதத்தையும் அடையாள அட்டையோடு கொண்டு திரிந்தோம். போன் எங்கள் பைக்குள் வந்த பிறகும், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கியூஆர் என்ற கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கண்டோம். அதில்லாமல் ஓட்டோக்காரத் தம்பிக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அஸ்வெசும வந்தது. சமுர்த்தி முத்திரையையும் கூட்டத்தையும் பழகியிருந்தவர்களுக்கு விண்ணப்பம், கணக்கெடுப்பு, வங்கிக் கணக்கு, குறுஞ்செய்தி எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. காசு இப்போது கைக்கு வருவதில்லை, கணக்குக்கு வருகிறது. கணக்கிலிருந்து கைக்கு வருவதற்கிடையில் ஒரு அட்டையும் நாலு இலக்கமும் இருக்கின்றன. அந்த நாலு இலக்கம் யாருக்குத் தெரியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. பெயர் வேண்டாம். அட்டை உறவுக்காரப் பெடியன் ஒருவனிடம் இருந்தது. இரகசிய இலக்கத்தைக் கடதாசியில் எழுதி அந்த அட்டை உறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மாதா மாதம் எடுத்து வந்து கொடுப்பான். ஓட்டோக் காசு, வரிசையில் நின்ற காசு என்று ஏதோ குறையும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அவன் இல்லாட்டி நான் எப்பிடிப் புள்ள எடுக்கிறது?" என்பதுதான் அவருடைய நியாயம். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வங்கிக்குப் போய், கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்தார். குறைந்த தொகை ஓட்டோக் காசை விடப் பல மடங்கு. சண்டை பிடிக்கவில்லை. அங்கேயே இருந்து இலக்கத்தை மாற்றிவிட்டு வந்தார். புதிய இலக்கம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பெடியன் இப்போதும் வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுத்தான் போகிறான்.

சகோதரிகளே, பிள்ளைகளை நம்பக்கூடாது என்று நான் எழுத வரவில்லை. போனைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் அவர்கள் உதவட்டும். ஆனால் இலக்கத்தை நாங்களே அமத்துவோம். வங்கியிலிருந்து பேசுகிறோம், போனுக்கு வந்திருக்கும் ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வங்கி அப்படிக் கேட்பதில்லை. வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, அதை எடுக்கக் காசு போடுங்கள் என்று வரும் செய்தியும் அப்படித்தான். எங்களுக்குப் பார்சல் அனுப்பக்கூடிய ஆட்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியாதா?

பிரயாணமும் இப்படித்தான் எங்கள் கைக்கு மெல்ல மெல்ல வந்தது. குருக்கள்மடம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவே வீதி ஓடும் ஊர். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. எங்கள் துறையில் பாதை ஏறி அம்பிளாந்துறைக்குப் போவது சின்ன வயதில் எங்களுக்கு விளையாட்டு. (வெளியூர்ச் சகோதரிகளுக்கு: நாங்கள் பாதை என்பது, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை.) யுத்த காலத்தில் அந்தச் சின்னத் தண்ணீர் ஒரு எல்லையாகிவிட்டது. 2007 வரை அக்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில், இக்கரை அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில். வயலுக்குப் போகவும் அடையாள அட்டை, கலியாணத்துக்குப் போகவும் அடையாள அட்டை. அந்த வருடம் மார்ச் மாதம் ஷெல்லுக்குப் பயந்து படுவான்கரைச் சனம் ஆயிரக்கணக்கில் இக்கரைக்கு வந்தபோது, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பொலித்தீன் பையில் சுற்றிய அடையாள அட்டையுமாகத்தான் வந்தார்கள்.

பட்டணத்துக்குப் போவதானால் கல்லடிப் பாலத்தில் இறங்கி நடந்து, சோதனை முடிந்து மறுபடி ஏற வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1924 இல் கட்டிய அந்த லேடி மன்னிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் திறந்தார்கள். அடுத்த வருடம் மண்முனையிலும் பாலம் வந்தது; கொக்கட்டிச்சோலைக்குப் பாதையை எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை. இப்போது யாரும் இறக்குவதில்லை. ஏறுவதுதான் கஷ்டம். பஸ்ஸின் முதல் படி எங்கள் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. ஒரு காலை வைத்ததும் சாரதி எடுத்துவிடுகிறார். எங்கள் வயதில் பஸ் ஏறுகிறவர்களை நினைத்து யார் அந்தப் படியைச் செய்தார்கள் என்று தெரியவில்லை.

அப்படி ஒரு நாள் தொங்கி ஏறிய எனக்கு, கல்முனையிலிருந்து வந்து கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பெண் நகர்ந்து இடம் தந்தார். என்னை விட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வாய் ஏதோ ஓதிக் கொண்டிருந்தது. கிரான்குளம் தாண்டிய பிறகுதான் நிறுத்தினார். மடியில் போன் சத்தம் போட்டது. அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, மருமகள் குரல் அனுப்பியிருக்கா, இத எப்பிடித் துறக்கிற?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். மருமகள் வெங்காயம் வாங்கி வரச் சொல்லியிருந்தா. இருவரும் சிரித்தோம். பதில் குரல் அனுப்புவதையும் காட்டினேன். அமத்திப் பிடித்தபடி பேச வேண்டும், விட்டால் போய்விடும். பிறகு அவர் சொன்னார்: "அக்கா ஏறின ஊருலதான் எங்கட வாப்பாவும் கடைசியா நிண்டவர்."

1990 ஜூலை 12. கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு இதே வீதியால் வீடு திரும்பிக் கொண்டிருந்த முஸ்லிம் பிரயாணிகளை விடுதலைப் புலிகள் எங்கள் ஊரில் மறித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஹஜ் முடித்து வந்தவர்கள், யாவாரிகள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்த உடல்களைத் தோண்டியெடுத்துத் தங்கள் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டு வருகின்றன. இதை எங்கள் ஊரில் உரத்துப் பேசுவதில்லை. பேச வேண்டிய விடயம் என்பது என்னுடைய எண்ணம்.

என்ன சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு, என்னுடைய மனுசனும் அதே வருடம்தான், காலையில் சைக்கிளில் பட்டணத்துக்குப் போனவர், சோதனைச் சாவடியில் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். காத்தான்குடியில் இறங்கும்போது இலக்கம் தந்துவிட்டுப் போனார். அன்றிரவே ஒரு குரல் வந்தது. எழுத வராது, குரல் என்றால் வரும் என்றார். எழுத்துத் தெரியாத பெண்களுக்கு இந்த வட்ஸ்அப் குரல் எவ்வளவு பெரிய உதவி என்று படித்தவர்களுக்கு விளங்குவது கடினம். கொமினிகேஷன் கூட்டில் வெளியில் இருப்பவர்களுக்குக் கேட்குமே என்று அடக்கிப் பேசியவர்கள் நாங்கள். இப்போது கிணற்றடியில் நின்று பேசலாம்.

2024 இல் கொழும்பில் இருக்கும் மகளிடம் போய் இரண்டு மாதம் இருந்தேன். ரயில் ஆசனத்தை அவள் அங்கிருந்தே பதிவு செய்தாள். மட்டக்களப்பில் ஏறி, வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்ஓயா என்று பகல் முழுக்கப் பார்த்துக் கொண்டு போனேன். யுத்தத்தில் மட்டக்களப்புக்கு ரயிலே வராத வருடங்கள் இருந்தன. அந்த நாட்களில் கொழும்புக்குப் போவதென்றால் போவதற்கு முதலே காய்ச்சல் வந்துவிடும். போனாலும் வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்து, பொலிசில் பதிந்து, ஏன் வந்தாய், எத்தனை நாள், யார் வீட்டுக்கு என்று சொல்ல வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்புறம் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே வெள்ளவத்தையில் இப்போது மகள் ஏழாம் மாடியில் இருக்கிறாள். வாசலில் காவலாளி என் பெயரை மட்டும் எழுதிவிட்டு, "போங்க அம்மா" என்றார். பேனையை எடுத்ததும் என் கை தானாகப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது.

நகரத்தைப் பற்றி என்ன சொல்ல? லிப்ட் நல்லது, எங்கள் பஸ்ஸுக்கு அதில் பாதி இரக்கம் இருந்தால் போதும். காலி வீதியைக் கடப்பது வாவியை நீந்திக் கடப்பதை விடக் கஷ்டம். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு மாதமும் தெரியவில்லை. அவர்களுடைய செருப்புகளை மட்டும் தெரியும். பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கப் போவேன். எங்கள் ஊரில் கடலில் சூரியன் எழும்பும், வாவிக்கு அப்பால் படும். அங்கே கடலில் படுகிறது. ஒரு கிழமை வரை எனக்குத் திசை பிடிபடவில்லை.

அங்கே வாங்குகளில் எங்கள் வயதுப் பெண்கள் நிறையப் பேர். பருத்தித்துறை, மூதூர், களுவாஞ்சிகுடி என்று எல்லா ஊரும் இருந்தது. பிள்ளைகள் கனடாவில், இலண்டனில். தாய்மார் மாடி வீட்டில் தனிய. ஆனால் அவர்கள் போனில் கெட்டிக்காரிகள். பிக்மியில் ஓட்டோ கூப்பிடுகிறார்கள், மருந்து வருவிக்கிறார்கள், ரொறன்ரோவில் விடியும் நேரம் இங்கே என்ன மணி என்று விரல் மடிக்காமல் சொல்கிறார்கள். எப்படிப் பழகினீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "பழக்க ஆள் இல்ல, அதால பழகிட்டன்" என்றார். உதவிக்கு ஆள் இருக்கும் எங்களில் பலர் பழகாமல் இருப்பதற்கும் அதுதான் காரணமோ என்று யோசித்தேன்.

கொழும்பில்தான் அந்தப் படத்தின் விடயம் நடந்தது. என் மனுசனுடைய படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மற்றதெல்லாம் 1978 சூறாவளியிலும் பிறகு நடந்த ஓட்டங்களிலும் போயிற்று. 1994 இல் நியமித்த ஆணைக்குழுவுக்கு அதன் பிரதி கொடுத்தேன். 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, பிறகு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொரு தடவையும் படத்தின் பிரதி கேட்டார்கள், கொடுத்தேன். மூலப்படத்தைக் கையை விட்டு விடப் பயந்து, பிரதியிலிருந்து பிரதி எடுப்பேன். எடுக்க எடுக்கக் கறுத்து வந்தது. கடைசியாகக் கொடுத்ததில் மூக்கும் வாயும் ஒன்றாகிவிட்டன. அதைப் பார்த்து யாரும் யாரையும் அடையாளம் காண முடியாது. எங்களைப் போன்றவர்களின் கோப்புகளைத் திறந்து பாருங்கள், இப்படிக் கறுத்த முகங்கள் எத்தனை இருக்கும்!

பேரன் அந்த மூலப்படத்தைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். 34 வருடத்துக்குப் பிறகு அவருடைய இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பைக் கண்டேன். சந்தோஷத்தில் பிள்ளையைக் கொஞ்சினேன். அடுத்த நாள் அவன், "அம்மம்மா, இதைப் பாருங்க" என்று மறுபடி கொண்டு வந்தான். படத்துக்கு நிறம் பூசியிருந்தது. பார்த்துக் கொண்டிருக்கும்போதே அவர் கண் சிமிட்டினார். தலையைச் சரித்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார்.

செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்கள். அசையாத படத்தைக் கொடுத்தால் அது அசைத்துக் காட்டும். பேரன் நல்ல மனதோடுதான் செய்தான். முன்பும் ஸ்டூடியோக்காரர்கள் இறந்தவரையும் இருப்பவரையும் வெட்டி ஒட்டி ஒரே படத்தில் நிற்க வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அது இருக்கிறது, யாரும் பிழை சொன்னதில்லை. நானும் இரண்டு தடவை பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. அதனால் வாயை மூடியே சிரிப்பார், கலியாணத்தன்றும் அப்படித்தான். இயந்திரம் அவருக்கு முழு வரிசைப் பல்லும் வைத்துவிட்டது. சிரித்தது அவரில்லை.

இறந்தவரென்று தெரிந்த குடும்பத்துக்கு இது ஒரு ஆறுதலாக இருக்கலாம். தேடிக் கொண்டிருக்கும் எங்களுக்குப் படம் ஒரு சாட்சி. எலும்போடு பல்லை ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் ஒன்று வந்தால், அவருக்கு இல்லாத பல் முக்கியம். நிறம் பூசிய படம் உறவினரின் போன்களுக்குப் போய், நாலு கை மாறி, அதுதான் உண்மைப் படம் என்று யாராவது கோப்பில் வைத்துவிட்டால் என்ன செய்வது? பேரனிடம் இதை விளக்கினேன். அவன் பதினைந்து வயதுப் பிள்ளை, விளங்கிக் கொண்டான். அசைந்ததை அழித்தான். மூலத்தை ஒழுங்காக எடுப்பது எப்படி என்று எனக்குக் காட்டித் தந்தான். நீங்களும் செய்து பாருங்கள். படத்தை மேசையில் தட்டையாக வையுங்கள். யன்னல் வெளிச்சம் போதும், போனின் விளக்கை எரிக்க வேண்டாம், பளபளப்பு விழும். போனைச் சரிக்காமல் நேர் மேலே பிடியுங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ திகதியோ இருந்தால் அதையும் எடுங்கள். முன்பு கொடுத்த கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், முறைப்பாட்டு இலக்கங்கள் எல்லாவற்றையும் அப்படியே. பிறகு ஒன்றை வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சூறாவளியும் சுனாமியும் கண்ட ஊர்க்காரர் நாங்கள். ஒரே இடத்தில் ஒன்றையும் வைக்கக்கூடாது.

ஊருக்கு வந்த பிறகு காத்தான்குடிச் சகோதரிக்கு இதையெல்லாம் குரலில் சொன்னேன். அவருடைய வாப்பாவின் படமும் ஒன்றுதான். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் பிடித்து, படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டதாம். கழற்றினால் முகம் கிழிந்துவிடும் என்று பயம். அசைந்து சிரிக்கும் படத்தைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "வேணாங்கா. வாப்பா கண் சிமிட்டினா நான் ஸலாம் சொல்லிப் போடுவன். அவர் பதில் சொல்லாட்டி நான் என்ன செய்ற?"

கண்ணாடியோடேயே எடுக்கலாம், கொஞ்சம் சரித்துப் பிடித்தால் பளபளப்பு விழாது என்று சொன்னேன். அவருடைய கை நடுங்குமாம். நான் வந்து எடுத்துத் தருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை வாங்க, பகல் சாப்பாடு இங்கதான் என்று சொல்லியிருக்கிறார்.